எழுபது மைல் வேகத்தில் ஒரு கேக் தட்டு

டோர்வில் ஊரில் பால்கேன் சங்கம் என்று ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் உண்டு. மற்ற ஊர்க் கூட்டங்கள் முதுகில் மண்டையோடும் நெருப்பும் வரைந்துகொண்டு திரியும். இவர்கள் முதுகில் இருப்பது ஒரு பால்கேன். அதற்கு இரண்டு சிறகு. எல்லோரும் மாடு கறந்தோ, பால் லாரி ஓட்டியோ, சீஸ் ஆலையில் தொட்டி கிளறியோ ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவர் வண்டியும் கன்று போட்ட பசுவின் எடை இருக்கும். நிறுத்துகிற இடத்தில் சாய்ந்துவிட்டால் தூக்கிவிட நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்து வைத்த இரும்பு இருக்கும்.

சங்கத்துக்குச் சட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. முன்னால் போகிறவன் பாட்டே பாட்டு. சட்டம் இல்லாத காலத்தில் ஒருமுறை ஆளாளுக்குத் தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றோரச் சாலையில் போனார்கள். இருபது வண்டி, இருபது பாட்டு. வழியில் இருந்த பண்ணைகளில் மாடுகள் ஒரு வாரம் மோராகவே கறந்தன என்று பேச்சு. அதற்கப்புறம்தான் இந்தச் சட்டம் வந்தது. முன்வண்டியின் பின்பக்க ஸ்பீக்கர் பாடும். மற்றவர்கள் வாயையும் பெட்டியையும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வரவேண்டும், பனி விழுந்து வண்டிகள் கொட்டகைக்குப் போகிற வரைக்கும்.

கேட்கிறவர்களில் ஆர்லன் ஹாகன் ஒருவன். பால் லாரி ஓட்டியே பாதி விஸ்கான்சின் மாநிலத்தைத் தேய்த்தவன். அவனுக்குப் பாட்டு என்றால், பெண்டாட்டி ஓடிப்போய், நாய் செத்துப்போய், லாரியும் பழுதாகி நடுரோட்டில் நிற்கிற ஒருத்தன் கிட்டாரோடு அழுகிற பாட்டு. அவன் பெண்டாட்டி மார்லிஸ் ஓடவில்லை, நாயும் குண்டாக நன்றாகவே இருந்தது. ஆனாலும் அந்த மாதிரிப் பாட்டைக் கேட்டால்தான் அவனுக்கு மனசு நிறையும்.

அவன் விதி, மூன்று வருஷமாக முன்னால் போனவன் டுவேன் குபியாக். டுவேன் போடுவது அக்கார்டியன், துருத்தியை இழுத்து இழுத்து வாசிக்கிற பெட்டி. உம்-பா, உம்-பா, உம்-பா-பா. கல்யாண வீட்டில் பீர் பீப்பாய் காலியாகிற நேரத்தில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, முந்நூறு மைலுக்கு, நேர் பின்னால் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். ராத்திரி ஆர்லன் தூங்கும்போது அவன் மூச்சே உம்-பா என்று போய்வருவதாக மார்லிஸ் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. அவளும் டுவேனைப் போல ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்காரிதான். கல்யாணமாகி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தவள்.

முன்னால் போகிறவனை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓட்டுப் போட்டால் சண்டை வரும். அதனால் சர்ச்சில் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் விற்கிற மே மாதச் சனிக்கிழமை ஒரு பரீட்சை வைப்பார்கள். சர்ச் வாசலை ஒட்டியே நெடுஞ்சாலை ஓடுகிறது. போட்டிக்கு வருகிறவன் சோளக் குதிரிலிருந்து கிளம்பி, எழுபது மைல் வேகத்தில், பாட்டைப் போட்டுக்கொண்டு சர்ச்சைக் கடந்து, கல்லறை வளைவு வரை போகவேண்டும். போனது போல் திரும்பியும் வரவேண்டும். புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு பெர்னீஸ் டீச்சர் உட்கார்ந்திருப்பார். பாட்டில் என்ன வார்த்தை வந்தது என்று அவர் சொல்லவேண்டும். யார் பாட்டின் வார்த்தையை அவர் அதிகம் சொல்கிறாரோ அவன் முன்னால் போவான்.

பெர்னீஸ் டீச்சருக்கு எண்பத்தேழு வயது. இரண்டு காதிலும் மெஷின். செவிட்டு அம்மாவை நீதிபதியாக வைப்பார்களா என்று வெளியூர்க்காரன் கேட்பான். அவருக்கே கேட்டுவிட்டால் அப்புறம் யாருக்குத்தான் கேட்காது? தவிர, சங்கத்தில் இருக்கிற எல்லோரையும் ஞாயிறு பள்ளியில் காதைத் திருகி வளர்த்தவர் அவர். தீர்ப்பை எதிர்த்துப் பேச எவனுக்கும் காது துணியாது.

போன வருஷம் ஆர்லனும் போட்டியில் இறங்கினான். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரோடு. உயிரைக் கொடுத்துச் சத்தம் வைத்துக்கொண்டு போய்த் திரும்பினான். டீச்சர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு கொசு போச்சு. பாவம், அதுக்குச் சளி பிடிச்சிருக்கு."

ஊரே சிரித்தது. டுவேன் சிரித்த சிரிப்பில் அவன் பெல்ட் கொக்கி கழன்றது. அன்றைக்குக் காபிக் கடையில் டுவேன் வந்து தோளில் கைபோட்டான்.

"என்ன கொசு, மருந்து சாப்டியா?"

"சிரி, சிரி. அடுத்த வருஷம் பாரு."

"அடுத்த வருஷம் என்ன, ஈயாப் பறக்கப் போறியா?"

ஆர்லனுக்கு முதுகுத்தண்டில் சுர்ரென்று ஏறியது. கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டான்: "அடுத்த வருஷம் நான் முன்னால போகலன்னா, செத்துப் போற வரைக்கும் கடைசி வண்டி நான்தான். ஆரஞ்சு அங்கிய நானே போட்டுக்கிறேன்."

கடைசி வண்டி என்றால் சாதாரணமில்லை. பின்னால் வருகிற லாரிக்காரனுக்குத் தெரியவேண்டும் என்று பூசணிக்காய் நிறத்தில் அங்கி மாட்டிக்கொண்டு, இழுவைக் கயிறும் முதலுதவிப் பெட்டியும் எல்லோருக்குமான டாய்லெட் பேப்பரும் சுமந்துகொண்டு, இருபது வண்டிப் புகையையும் குடித்துக்கொண்டு போகிற இடம் அது. இதுவரை புதுசாகச் சேர்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள்.

"லொரைனை விட்டு அங்கிய இப்பவே துவைச்சு வெக்கச் சொல்றேன்," என்றான் டுவேன். லொரைன் அவன் பெண்டாட்டி. ஊரில் இருக்கிற ஒரே ஹார்டுவேர் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள்.

குளிர்காலம் வந்தது. பனி ஜன்னல் வரை ஏறியது. ஆர்லன் கராஜுக்குள் போனவன் மார்ச் வரை சாப்பிடவும் தூங்கவும்தான் வெளியே வந்தான்.

கராஜில் நிற்கும்போது பழைய ஸ்பீக்கரே தேவதூதன் மாதிரிதான் பாடியது. காற்றுதான் எதிரி. எழுபது மைலில் காற்று முதலில் பேஸ் என்கிற அடித்தொண்டைச் சத்தத்தைத் தின்னும், அப்புறம் பாட்டைத் தின்னும், கடைசியில் பாடுகிறவனையே தின்றுவிடும். அதனால் காகிதம் ஒட்டிய பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே புதுசாக இரண்டு, பக்கப்பெட்டி மூடிகளில் இரண்டு மாட்டினான். அவற்றுக்குத் தீனி போட, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளி ஒன்று வாங்கினான். முதல் முறை போட்டதும் ஃபியூஸ் போயிற்று. இரண்டாம் முறை போட்டபோது ஊரில் பாதி விளக்கு மங்கிப் பிரகாசித்ததாக அவனே பின்னால் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, இடது காதுக்கும் வலது காதுக்கும் ஏன் சண்டை என்று ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டதும் உண்டு.

ஒருநாள் மார்லிஸ் கராஜ் கதவைத் திறந்தாள். ஆர்லன் ஹெல்மெட்டும் குளிர்க்கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தான். எதிரே பெஞ்சில், வாசலில் உதிர்ந்த இலையை ஊதித் தள்ளுகிற மெஷினைக் கட்டி வைத்திருந்தான். அது முழு வேகத்தில் அவன் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் காதுக்குப் பின்னால் போய்ப் படபடத்தன. பாட்டு அலறியது.

"என்ன பண்றே?" என்று கத்தினாள்.

"எழுபது மைல்ல போறேன்!"

"சாப்பாட்டுக்கு வந்து சேந்துருவியா?"

"காத்து எதிர்க்காத்தா இருக்கு! கொஞ்சம் லேட்டாகும்!"

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்காமல் இருந்தால் தலைவலி மிச்சம் என்று தெரியும்.

அந்த இலை ஊதி மெஷின்தான் அவனுக்குக் குரு. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது, வார்த்தை வரவில்லை. பேஸைக் குறைத்தான். பாடுகிறவன் தொண்டை இருக்கிற நடுப்பகுதியை ஏற்றினான். வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களுக்கு ஆப்பு வைத்து, காதைப் பார்க்கிற மாதிரித் தூக்கி வைத்தான். போட்டு முடித்ததும் புயலுக்கு நடுவே பாட்டுக்காரன் அவன் மடியில் உட்கார்ந்து அழுதான். ஒவ்வொரு விம்மலும் தனித்தனியாகக் கேட்டது.

கையுறை போட்ட கையால் பட்டன் தேட முடியாதே என்று இன்னொரு வசதியும் செய்துகொண்டான். போன் வந்தால் பாட்டு தானே நின்று, போன் தானே எடுத்து, பேசுகிறவர் குரல் ஸ்பீக்கரில் வரும். நல்ல வசதிதான், என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்தான்.

ஒரே ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. பக்கப்பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளி சூடாகி, இரண்டு பாட்டு முடிந்ததும் அணைந்துவிடும். சூட்டை வாங்கிப் பரப்ப, அடியில் நல்ல கனத்த அலுமினியம் வேண்டும். பெட்டிக்குள் சரியாக அடங்கவேண்டும். ஆர்லன் பழைய இரும்புக் கிடங்கைக் கிளறினான். பக்கத்துப் பண்ணையின் உடைந்த கதவை அளந்தான். ஒன்றும் சரிப்படவில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன், அடுப்புக்குக் கீழ் அலமாரி திறந்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

மார்லிஸின் கேக் தட்டு.

கல்யாணத்துக்கு வந்த தட்டு. பழைய காலத்து அலுமினியம், பலகை மாதிரிக் கனம். அடியில் காகித டேப் ஒட்டி, மார்லிஸ் ஹாகன் என்று எழுதியிருக்கும். டோர்வில்லில் எல்லாப் பெண்கள் தட்டிலும் பெயர் இருக்கும். சாவு, கல்யாணம், பண்டிகை என்று சர்ச்சுக்குப் போன தட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பவேண்டுமே. புருஷன் தொலைந்தால் இந்த ஊர்ப் பெண்கள் போலீஸ் ஷெரீஃபுக்குச் சொல்வார்கள். தட்டு தொலைந்தால் அவர்களே தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

ஆர்லனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் ஆம்ப்ளியைத் தட்டில் வைத்துப் பார்த்தான். அளவெடுத்துச் செய்த தொட்டில் மாதிரி உட்கார்ந்தது. அந்தப் பொருத்தத்தைப் பார்த்த பிறகு மனுஷனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? டிரில்லை எடுத்தான். நாலு ஓட்டை போட்டான். போட்டு முடித்ததும்தான் டேப்பில் இருந்த பெயர் கண்ணில் பட்டது. ஓட்டையைத் திருப்பி மூடுகிற டிரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போல்ட்டு வாங்க லொரைன் கடைக்குப் போனான்.

"எதுக்கு?" என்றாள் லொரைன்.

"கேக் தட்டு கனத்துக்கு அலுமினியம்... கேக் தட்டு மாதிரி ஒரு அலுமினியம்," என்று உளறிவிட்டு, சில்லறைகூட வாங்காமல் ஓடிவந்தான்.

மறுவாரமே மார்லிஸ் கேட்டாள். "என் தட்டு எங்க?"

"கிறிஸ்துமஸ் விருந்துக்கு சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போனியே. அங்கதான் விட்டிருப்பே."

"அன்னைக்குப் பாத்திரம் கழுவினது லொரைன்."

"அப்படியா?" என்றான் ஆர்லன். அவ்வளவுதான் சொன்னான். அந்த 'அப்படியா'வில் ஒரு சின்ன இழுப்பு வைத்தான் என்பது உண்மை.

அதோடு மார்லிஸ் லொரைனோடு பேச்சை நிறுத்தினாள். இந்த ஊரில் பேச்சை நிறுத்துவது என்றால் கத்தல், சண்டை ஒன்றும் இருக்காது. இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். குளிர்காலம் பூராவும் இரண்டு பேரும் சர்ச்சில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பல்லைக் காட்டிய காட்டலில் மெழுகுவர்த்தி உறைந்தது. ஆர்லனுக்கு அது வசதியாகப் போயிற்று. பேசினால்தானே போல்ட்டுக் கதை வெளியே வரும்?

மே மாதச் சனிக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது. சர்ச் வாசலில் மேஜை மேஜையாக பை. ஆப்பிள் பை, செர்ரி பை, மேலே நுரை கட்டிய எலுமிச்சை பை. சங்கத்து வண்டிகள் வரிசையாக நின்றன. பெர்னீஸ் டீச்சர் மடக்கு நாற்காலியில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு காது மெஷினையும் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஒரு வேலிக்கம்பத்தில் யாரோ ஆரஞ்சு அங்கியை மாட்டி வைத்திருந்தார்கள். துவைத்து, இஸ்திரியும் போட்டிருந்தது.

"உன் சைஸ்தான். போட்டுப் பாத்துக்கோ," என்றான் டுவேன்.

"நீ முதல்ல ஓட்டு. வாய அப்புறம் ஓட்டலாம்."

டுவேனும் குளிர்காலத்தில் சும்மா இருக்கவில்லை. அவன் வண்டியில் எட்டு ஸ்பீக்கர். பேஸுக்கென்றே தனியாகக் குதிர் மாதிரி இரண்டு பெட்டி. சோளக் குதிர்ப் பக்கமிருந்து கிளம்பியபோதே பூமி அதிர்ந்தது. உம் என்றது, ஜன்னல் நடுங்கியது. பா என்றது, எலுமிச்சை பைகளின் நுரை எல்லாம் ஒரே பக்கமாக வழுக்கி இறங்கியது. ஒரு கிழவனாரின் பல்செட்டு அவரைக் கேட்காமலே தாளம் போட்டது. போய்த் திரும்பி வந்து, மீசையை முறுக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் நின்றான்.

டீச்சர் கண்ணை மூடி யோசித்தார். "இடி இடிச்சுது. இல்லன்னா யாரோ பீப்பாய மாடிப்படியில உருட்டி விட்டாங்க."

"டீச்சர், பாட்டு! வார்த்தை! பீர் தீந்து போச்சு, பெண்ணே வான்னு..."

"நீ சொல்லாதே. பரீட்சையில பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்லிக் குடுக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகல. பீர்னு ஒரு வார்த்தை விழுந்துது. ஒண்ணு."

ஒரே வார்த்தை! ஆர்லன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். ஒன்றரை வார்த்தை கேட்டால்கூடப் போதும். வண்டியை உருட்டிக்கொண்டு சோளக் குதிருக்குப் போனான்.

இதே நேரத்தில் சர்ச்சுக்குக் கீழே, சமையலறையில், கேக்குத் துண்டுகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. இன்னொரு ஈடு, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக் போடலாம் என்று மார்லிஸ் அலமாரிகளை எல்லாம் திறந்து தட்டைத் தேடினாள். இல்லை. மாவு கலந்து நிற்கிறது. கோபம் எல்லை தாண்டியது. குளிர்காலத்துச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக லொரைனிடம் போனாள்.

"லொரைன், என் தட்ட எடுத்தது நீதானே?"

"நானா? பைபிள் மேல சத்தியமா இல்ல! உன் தட்டு எனக்கெதுக்கு?" என்ற லொரைன், சட்டென்று நிறுத்தினாள். "மார்லிஸ்... உன் ஆளு ஜனவரியில எங்கிட்ட நாலு போல்ட்டு வாங்கினான். கேக் தட்டு கனத்துக்கு."

மார்லிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

அங்கே ஆர்லன் எழுபதைத் தொட்டிருந்தான். பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் ஒன்று தெளிவாக, ஓடைத் தண்ணீர் மாதிரி. பாட்டுக்காரன் மூச்சை இழுத்தான். அந்த மூச்சுகூடக் கேட்டது. சர்ச் வாசலில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பாட்டு நின்றது. மணி அடித்தது. போன் தானே எடுத்துக்கொண்டது.

"ஆர்லன் ஹாகன்! என் கேக் தட்ட என்ன பண்ணித் தொலைச்சே?"

அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லா மாடும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அப்புறம் பேசலாம்! அப்புறம்!" என்று ஆர்லன் கத்தினான். கட்டைவிரலால் பட்டனைத் தேடினான். கையுறைக்குள் கட்டைவிரல் ஒரு உருளைக்கிழங்கு. அது அழுத்தியது சத்தம் கூட்டுகிற பட்டன்.

"அப்புறமா? குளிர்காலம் பூரா லொரைன திருடின்னு நெனச்சுட்டிருந்தேன்! அவ மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடையே வலிக்குது! இதுல நீ வெச்சிட்டுப் போன மூலக் களிம்பு வேற கைப்பையில கெடக்குது. சீட்டுல ஜெல் மெத்தை போட்டியா இல்லையா? ராத்திரி எரியுது எரியுதுன்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது!"

சர்ச்சைக் கடந்தான். வாசலில் இருநூறு முகங்களும் ஒன்றாகத் திரும்பின. ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாதே என்று.

கல்லறை வளைவு வந்தது. ஆர்லன் வேகத்தைக் குறைத்தான். நேரே போனால் பக்கத்து மாநிலம், மின்னசோட்டா. அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. பேரை மாற்றிக்கொண்டு, தாடி வளர்த்துக்கொண்டு பிழைத்துவிடலாம். திரும்பினால் ஊர் முன்னால் இன்னொரு தரம் மானம் போகும். திரும்பாவிட்டால் பரீட்சையில் தோல்வி. ஆரஞ்சு அங்கி, டாய்லெட் பேப்பர், சாகிற வரை உம்-பா. கல்லறைக் கற்களைப் பார்த்தான். அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

வண்டியைத் திருப்பினான். மானம் போனால் அடுத்த வாரம் இன்னொருத்தன் மானம் போகும்போது திரும்பிவிடும். முன்வண்டி இடம் போனால் திரும்பாது.

மார்லிஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவள் குடும்பத்திலேயே கிடையாது. "...இலை ஊதிய மூஞ்சிக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பவே நான் டாக்டரக் கூப்பிட்டிருக்கணும்..." என்று சொல்லிக்கொண்டே படியேறி வாசலுக்கு வந்தவள், காதில் போனோடு அப்படியே நின்றாள். சாலையில் அவளுடைய குரலே எழுபது மைல் வேகத்தில் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. போனைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். ஊர் அவளைப் பார்த்தது.

வேறொருத்தியாக இருந்தால் போனை வைத்துவிட்டு ஓடி ஒளிந்திருப்பாள். மார்லிஸ் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னாள்:

"ஆர்லன். வண்டிய. ஓரங்கட்டு."

மோசே மலையில் கேட்ட கடவுளின் குரல்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. ஆர்லன் ஓரங்கட்டினான். எதிரே வந்த பால் லாரியும் ஓரங்கட்டியது. பின்னால் வந்த ஒரு டிராக்டர்க்காரன் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

எல்லோரும் பெர்னீஸ் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேக் தட்டிலிருந்து களிம்பு வரை, ஜெல் மெத்தையிலிருந்து இலை ஊதி வரை, ஒரு எழுத்து விடாமல், ஞாயிறு பள்ளியில் பைபிள் சங்கீதம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். கடைசியில், "எரியறதுக்கு வெதுவெதுன்னு தண்ணியில உக்காரு, ஆர்லன். எங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் குணமாச்சு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

டுவேன் துள்ளினான். "டீச்சர், இது அநியாயம்! அது பாட்டே இல்ல!"

"வார்த்தை கேக்கணும்கிறதுதான் சட்டம். நீங்க எழுதின சட்டம்தான்."

"ராகம் வேணாமா?"

"மார்லிஸ் பேச்சுல ராகம் இல்லன்னு அவ முன்னால நின்னு சொல்றியா?"

டுவேன் மார்லிஸைப் பார்த்தான். முறுக்கின மீசையைக் கீழே இறக்கிவிட்டான்.

"ஆர்லன் முன்னால போறான்," என்றார் டீச்சர். "சத்தம் மோசமில்ல." எங்கள் ஊரில் 'மோசமில்ல' என்றால் தங்க மெடல் மாதிரி. அதற்கு மேல் பாராட்டு வார்த்தை இங்கே யாருக்கும் தெரியாது.

ஆர்லன் கையைத் தூக்கப் போனான். பாதியில் இறக்கினான். மார்லிஸ் பக்கப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். லொரைனும் கூடவே குனிந்து பார்த்தாள். ஆம்ப்ளிக்குக் கீழே தட்டு சுடச்சுட மின்னியது. காகித டேப்பில் அவள் கையெழுத்து. மார்லிஸ் ஹாகன்.

"நாலு ஓட்டை," என்றாள் மார்லிஸ்.

"சின்ன ஓட்டைதான்," என்றான் ஆர்லன்.

"பேசாதே."

"சரி."

"இத இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போகலாம். எடுத்தா என்ன ஆகும்?"

ஆர்லன் உண்மையைச் சொன்னான். வேறு வழியில்லை. "ரெண்டு பாட்டுல அணைஞ்சுடும்."

"அணைஞ்சா?"

"டுவேன் முன்னால போவான்."

மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். வேலிக்கம்பத்தில் ஆரஞ்சு அங்கி காற்றில் ஆடி ஆடி அவனைக் கூப்பிட்டது.

"தட்டு உள்ளயே இருக்கட்டும். முதல்ல லொரைன்கிட்ட மன்னிப்புக் கேளு. ரெண்டாவது, உன் பெட்டி என் தட்டுல உக்காந்திருக்கு. அதனால பாட்டு என்னோடது."

ஆர்லனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லொரைனிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். பிறகு மார்லிஸ் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "இவ்வளவுதானா? நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? நம்ம ரெண்டு பேருக்கும் பிடிச்ச பாட்டுதானே. இத்தனை வருஷமா நாம தனியாப் போறப்பல்லாம் பின்னால உக்காந்து என் தோள்ல தாளம் போடுவியே!"

"தாளமா?"

"ஆமா, இப்படி, டப் டப்னு."

"அது தாளமில்ல, ஆர்லன். மெதுவாப் போன்னு தட்டுறேன். பதினோரு வருஷமா அந்த ஓட்டை ஸ்பீக்கர்ல பின் சீட்டுக்கு ஒரு வார்த்தை வந்ததில்ல. காத்துதான் வந்துது. நீ என்ன பாட்டுப் போட்டேன்னே எனக்குத் தெரியாது."

ஆர்லன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சின்ன வயசுல எங்க பக்கத்து மலைக் கொட்டகையில அக்கார்டியனுக்கு ஆடுவோம்," என்றாள் மார்லிஸ், டுவேனைப் பார்த்துக்கொண்டே. "டுவேன், உங்கிட்ட இருக்கிற அக்கார்டியன் பாட்டெல்லாம் என் போனுக்கு அனுப்பு."

டுவேன் முகத்தில் விடிந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "எல்லாமா?"

"எல்லாம்."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து இருபது வண்டிகள் ஆற்றோரச் சாலையில் இறங்கின. எல்லோருக்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஜெல் மெத்தை மேல், ஆர்லன் ஹாகன். பின் சீட்டில் மார்லிஸ். அவன் ஆப்பு வைத்துத் தூக்கிய ஸ்பீக்கர்களிலிருந்து, அவன் ஏற்றிய நடுப்பகுதியோடு, கட்டையும் துருத்தியும் தனித்தனியாக, ஒரு விரல் தப்பாமல், உம்-பா, உம்-பா, உம்-பா-பா. இலை ஊதிக்கு முன்னால் அவன் பட்ட பாடு வீண்போகவில்லை. இவ்வளவு துல்லியமாக அக்கார்டியனை ஆர்லன் தன் வாழ்நாளில் கேட்டதேயில்லை. நேர் பின்னால் டுவேன் தலையை ஆட்டி ஆட்டி வந்தான். வழியில் ஒரு மாடுகூட மோர் கறக்கவில்லை.

மார்லிஸ் அவன் தோளில் தட்டினாள். டப், டப். டப், டப்.

இது மெதுவாகப் போவதற்கா, தாளத்துக்கா என்று ஆர்லனுக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகப் போனான். உடனே இன்னும் பலமாக ஒரு தட்டு விழுந்தது.

"ஏன் மெதுவாப் போறே? பாட்டு நல்லாப் போயிட்டிருந்துது, வேகமாப் போ!"

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் காற்றில் கேட்காதே என்று அவன் போனுக்கே கூப்பிட்டிருந்தாள், அது தானே எடுத்துக்கொண்டது. ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டது.